தும்பிக்கை வைத்த 'லை'



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். தன் மகளுக்கு ஆசை ஆசையாக வைத்த பெயரை, 'வாயில் நுழையலை' என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சுருக்கி விட்டார்களாம். அதைப் படித்துவிட்டு என் கணவர், "இதுக்கெல்லாமா லெட்டர் போடுவாங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அந்த வியாதி உண்டு. சில சொற்களைக் கண்டால் ஆசை, சிலதைக் கண்டால் ஆகவே ஆகாது. அர்த்தத்துக்காக மட்டும் இல்லை. எழுதினால் பார்க்க எப்படி இருக்கிறது, சொன்னால் காதில் எப்படி விழுகிறது என்பதற்காகவே!

'அலமாரி' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு எழுத்துக்குக்கூட தலையில் புள்ளி கிடையாது. வழவழவென்று ஓடுகிறது. சொல்லும்போதே மடித்து வைத்த பட்டுப் புடவையும் அந்துருண்டை வாசனையும் ஞாபகம் வரும். அது போர்த்துக்கீசியர் கொண்டு வந்த சொல், நம் சொல் இல்லை என்று பிறகு தெரிந்து கொண்டேன். சாவி, ஜன்னல், மேசை எல்லாம் அப்படி வந்தவைதானாம். இருந்துவிட்டுப் போகட்டும். எங்கிருந்தோ வந்து, புகுந்த வீட்டோடு ஒன்றிப் போன மருமகள் மாதிரி அவை எனக்குப் படுகின்றன.

அதே சமையலறையில் இருக்கும் இன்னொன்றை எழுதிப் பாருங்கள், 'ஃப்ரிட்ஜ்'. 'ரி' ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாக, முள்வேலி போட்ட மாதிரி இல்லை? பதினைந்து வருஷமாக அது என் வீட்டில் நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனாலும் பெயர் பிடிக்கவில்லை. 'வெந்தயம்' பிடிக்கும். அவ்வளவு கசப்பான சாமானுக்கு எவ்வளவு மெல்லிய பெயர்! 'கொலுசு' பிடிக்கும். 'பிசுக்கு' பிடிக்காது. ஆனால் அந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பதையும் ஒத்துக் கொள்கிறேன்.

எங்கள் ஊர் மாயவரம் பக்கம். பள்ளியில் எங்கள் தமிழம்மா 'ழ' விஷயத்தில் மகா கண்டிப்பு. நாக்கு நுனியை மேலே மடித்து, எதையும் தொடாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வகுப்பு முடியும்வரை நிற்க வேண்டும். அந்தப் பயிற்சியோடு நான் வாழ்க்கைப்பட்டது மதுரைப் பக்கம். புகுந்த வீட்டில் எல்லோருக்கும் 'ழ'வுக்குப் பதில் 'ள' தான். "மளை வருது, மாடியில துணியை எடு" என்று மாமியார் குரல் கொடுப்பார். 'மழை, மழை' என்று மனசுக்குள் திருத்திக் கொண்டே படியேறுவேன். வாய்விட்டுச் சொல்ல முடியுமா? மாமியார் போய் நாலு வருஷமாகி விட்டது. இப்போது வானம் கறுத்தால் என் மகள், "அம்மா, மழை!" என்று அட்சர சுத்தமாகச் சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாள். ஆனால் 'மளை வருது' என்று யாராவது ஒருதரம் சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது எனக்கு.

நான் சொல்ல வந்தது 'ழ'வைப் பற்றி இல்லை. 'லை'யைப் பற்றி.

என் அம்மாவின் பெயர் 'லை'யில் முடியும். முழுப் பெயரையும் இங்கே எழுதினால், "ஊரெல்லாம் படிக்கிற பேப்பர்ல என் பேரைப் போட்டியாடி?" என்று சண்டைக்கு வருவார். அதனால் இதோடு நிறுத்திக் கொள்கிறேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். அவர் எழுதும் 'லை' நாம் எழுதுகிற மாதிரி இருக்காது. முன்னால் தனியாகக் கொம்பு நிற்காது. எழுத்தோடு ஒட்டி, யானை தும்பிக்கையைத் தூக்கினாற்போல ஒரு வளைவு இருக்கும். மளிகைச் சீட்டு எழுதினால், கடலைப் பருப்பு அரைக் கிலோ, வெற்றிலை கால் கவுளி, தலைவலித் தைலம் ஒன்று என்று வரிக்கு வரி ஒரு தும்பிக்கை. சின்ன வயதில் அந்தச் சீட்டை எடுத்துக் கொண்டு கடைக்கு ஓடும்போது யானை ஊர்வலம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது படிக்கும்போது நானும் அம்மாவைப் பார்த்து 'மாலை' என்று தும்பிக்கை போட்டு எழுதினேன். டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 'தவறு' என்று எழுதிவிட்டார். அழுதுகொண்டே வந்தேன். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "நான் படிச்சப்போ இதுதாண்டி சரி" என்றார். எனக்கோ, ஒரே எழுத்து அம்மாவுக்குச் சரியாகவும் எனக்குத் தப்பாகவும் எப்படி இருக்கும் என்று புரியவில்லை.

பத்தாவதில் தமிழம்மாதான் புரிய வைத்தார். பெரியார் 1935 ஆம் ஆண்டிலேயே தம்முடைய 'குடி அரசு' பத்திரிகையில் புது மாதிரி எழுத்துக்களைக் கொண்டு வந்து விட்டாராம். 1978 இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோதுதான் அரசாங்கம் ஆணை போட்டு அதை ஏற்றுக் கொண்டது. ணை, லை, ளை, னை இந்த நாலுக்கும் தும்பிக்கை போயிற்று. ணா, றா, னா மூன்றும் முன்பு வாலைச் சுழித்துக் கொண்டு நிற்கும். அவற்றுக்கும், அவற்றைச் சேர்ந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோவுக்கும் மற்ற எழுத்துக்களைப் போல நேரான கால் வந்தது. மொத்தம் பதின்மூன்று எழுத்துக்கள். அச்சுக் கோப்பவர்களுக்குத் தனித்தனி அச்சு தேவையில்லை, டைப் அடிக்கச் சுலபம், குழந்தைகளுக்கும் பாரம் குறைவு. நியாயமான காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று பாருங்கள். 'யானை' என்று எழுதினால் முன்பெல்லாம் அந்தச் சொல்லுக்கே ஒரு தும்பிக்கை இருந்தது! இப்போது இல்லை. அது மட்டும் கொஞ்சம் வருத்தம்தான்.

இனி எனக்குப் பிடிக்காத சொல்லுக்கு வருகிறேன்.

2001 இல் அப்பா தவறிப் போனார். எனக்கு வயது பதின்மூன்று, தம்பிக்கு ஐந்து. அம்மாவிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது, அவ்வளவுதான். பென்ஷனுக்கு எழுதிப் போடச் சொல்லி யாரோ சொன்னார்கள். 1975 ஆம் ஆண்டிலிருந்தே அரசாங்கம் கொடுத்து வரும் உதவி அது. பல குடும்பங்களில் அடுப்பு எரிய வைத்த பணம், எங்கள் வீட்டிலும்தான். விண்ணப்பத்தை வாங்கி வந்து நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் வரியிலேயே 'ஆதரவற்ற விதவை' என்று இருந்தது. வாசித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் தம்பி தூங்குகிறான், நடுவில் இருக்கிற அம்மா ஆதரவற்றவராம்! "வாசிச்சியே, அவ்வளவுதானே? எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டு" என்றார் அம்மா. போட்டார். கடைசி எழுத்தில் அதே தும்பிக்கை.

பணம் மாதா மாதம் மணியார்டரில் வந்தது. போஸ்ட்மேன் நல்ல மனுஷர். வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவர். தெருமுனையிலேயே, "அம்மா, விதவைப் பணம் வந்திருக்கு!" என்று குரல் கொடுப்பார். அவருக்கு அது பணத்தின் பெயர், வேறு ஒன்றும் இல்லை. எங்களுக்கு அப்படியா? எதிர்வீட்டுத் திண்ணையில் பேச்சு நிற்கும். அம்மா தலைப்பை இழுத்து மூடிக் கொண்டு போவார். நாலைந்து மாதம் பொறுத்தார். ஒருநாள் மோர் கொடுத்து உட்கார வைத்து, "அண்ணே, மணியார்டர்னு மட்டும் கூப்பிடுங்களேன், போதும்" என்றார். அந்த மனிதர் டம்ளரைக் கையில் வைத்துக் கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதற்குப் பிறகு மணியார்டர் என்றுகூடச் சொன்னதில்லை. வாசலில் நின்று சைக்கிள் மணியை இரண்டு தரம் அடிப்பார். நோட்டுப் புத்தகம், தம்பிக்குப் பால், எல்லாம் அந்த இரண்டு மணியில்தான் வந்தது.

'விதவை' என்று எழுதினால் அதில் ஒரு பொட்டுகூட இல்லை, 'கைம்பெண்' என்று எழுதினால் இரண்டு பொட்டு இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. பட்டிமன்றங்களில் கேட்டிருப்பீர்கள். எழுத்தின் அழகைப் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தேன். ஆமாம், 'ம்' மேல் ஒன்று, 'ண்' மேல் ஒன்று. ஆனால் சொல்லிப் பார்த்தால் காதுக்கு ஒப்பவில்லை. எங்கள் தெருக் கிழவிகள் சண்டையில் கைநொடித்துக் கொண்டு சொல்லும் சொற்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தது. (அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.) பொட்டு எழுத்துக்கு வந்து என்ன செய்ய?

சொல்லை யோசித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு 'உதவித் தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்களே, அன்றைக்கு நான் எங்கள் போஸ்ட்மேனைத்தான் நினைத்துக் கொண்டேன். அந்தச் சொல்லைத் தெருமுனையிலிருந்து கத்தினாலும் யாரும் தலைப்பை இழுத்து மூட வேண்டாம்.

2024 தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். பெண் வீட்டார் நல்ல மாதிரி. கல்யாணப் பத்திரிகையை எழுதிக் கொண்டு வந்தவர் எங்கள் பெரியப்பா. அப்பாவுக்குப் பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. தாளை என்னிடம் கொடுத்து, "எழுத்துப் பிழை பார்த்துக் கொடும்மா, நீதான் இதுல கெட்டிக்காரி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'நிகழும் சோபகிருது ஆண்டு தை மாதம்' என்று தொடங்கும்போதே நாதஸ்வரம் கேட்கிற மாதிரி இருந்தது. 'லேட்' என்று இருந்ததை அடித்து 'காலஞ்சென்ற' என்று மாற்றினேன். 'லேட்' என்றால் என்னமோ அப்பா பஸ்ஸைத் தவறவிட்டு வரத் தாமதமான மாதிரி! 'திருநிறைச்செல்வன்' என்பதில் நடுவில் இருந்த 'ச்'சை எடுத்தேன். வினைத்தொகையில் ஒற்று மிகாது. எங்கள் தமிழம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இப்படி ஒற்றையும் புள்ளியையும் பார்த்துக் கொண்டே வந்தவள், கடைசி வரிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. 'காலஞ்சென்ற திரு. இன்னார் அவர்களின் குமாரன்' என்று அப்பா இருக்கிறார். அழைப்பவர்கள் இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள். தையல் மிஷினை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர் பெயர் இல்லை.

"அம்மா பேர் விட்டுப் போச்சு பெரியப்பா" என்றேன்.

"விட்டுப் போகலைம்மா. முதல் பத்திரிகை குலசாமி கோயில்ல வைக்கிறது. மங்களமான காரியம். அதுல போய்..." என்று நிறுத்தினார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. நல்லவர், சொல்ல மாட்டார். ஆனால் எனக்குக் கேட்டது, தெருமுனையிலிருந்து கேட்ட மாதிரியே.

நான் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, "காலஞ்சென்ற அப்பா பேரைப் போடலாம், இத்தனை வருஷம் காலத்தைத் தள்ளின அம்மா பேரைப் போடக் கூடாதா பெரியப்பா?" என்று கேட்டு விட்டேன். கேட்ட பிறகு கை நடுங்கியது. பெரியம்மா உள்ளே போய்விட்டார். அம்மா சமையலறையிலிருந்து, "எனக்கு எதுக்குடி பேரு? புள்ளைக்கு நல்லபடியா ஆனாப் போதும். பெரியவங்க சொல்றதைக் கேளு" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். வேண்டும் என்று எதையாவது கேட்டு நான் பார்த்ததே இல்லை, அந்தப் போஸ்ட்மேனிடம் கேட்ட ஒன்றைத் தவிர. மாப்பிள்ளைப் பையன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். தம்பி ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். "பேரு வந்தப்புறம் பிரஸ்ஸுக்குக் கொடுக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சே இல்லை. என் கணவர்கூட, "ஒரு வரிக்காக உறவைக் கெடுத்துக்காதே" என்று போனில் எச்சரித்தார். மூன்றாம் நாள் பெரியப்பாவே வந்தார். "போட்டுக்கங்க. ஆனா எங்க பேருக்குக் கீழே, கடைசியில" என்றார். சரி என்றேன். முழு மனசோடு இல்லை. இருந்தாலும் அவ்வளவு தூரம் அவர் இறங்கி வந்ததே பெரிது.

பத்திரிகை அடிக்கும் கடையில் இருந்த பையன், "பேருக்கு முன்னாடி என்னக்கா போடறது?" என்று கேட்டான். 'திருமதி' என்று சொல்ல வாயெடுத்தேன். கூட வந்திருந்த பெரியப்பா மகன், "அப்பா ஏதாவது சொல்லுவாரோ?" என்று தயங்கினான். 'அம்மாள்' என்று பின்னால் சேர்க்கலாமா என்றால் அது எண்பது வயதுக் கிழவி பெயர் மாதிரி ஆகிவிடுகிறது. பையன் வெறும் பெயரை மட்டும் அடித்துக் காட்டினான். கம்ப்யூட்டர் திரையில் அம்மா பெயரைப் பார்த்தேன். என்னவோ அன்னியமாக இருந்தது. அம்மா பெயரே இல்லை அது என்று தோன்றிற்று. கடைசியில் நின்ற 'லை'யைப் பார்த்ததும்தான் காரணம் புரிந்தது.

"தம்பி, பழைய லை இருக்கும் பாரு, தும்பிக்கை வச்ச மாதிரி, அது போட முடியுமா?" என்று கேட்டேன். அவன் பிறந்ததிலிருந்து அந்த எழுத்தைப் பார்த்ததில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். "இது எங்க ஃபாண்ட்ல கிடையாதுக்கா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே, "கையால எழுதினது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அப்படியே வச்சிடலாம்" என்றான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினேன். "உன் பேரை எழுதிக் கொடும்மா, ஒரு வேலை இருக்கு." என்ன ஏதென்று கேட்கவில்லை. தாளிதம் கருகிவிடும் என்ற அவசரத்தில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக் கொண்டு, நின்ற வாக்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே பெரியப்பா, பெரியம்மா பெயர்கள் அச்செழுத்தில். அவற்றுக்கும் கீழே, சொன்னபடி கடைசியில், அம்மாவின் கையெழுத்து. கையெழுத்துக்கு முன்னால் யாரும் எதுவும் போடுவதில்லை பாருங்கள். திருமதியும் வேண்டாம், வேறொன்றும் வேண்டாம்!

முதல் பத்திரிகை வழக்கப்படி குலசாமி கோயிலில்தான் வைத்தோம். பெரியப்பா தன் கையாலேயே மஞ்சள் தடவி வைத்தார். சாமி ஒன்றும் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.

இரண்டாவதை அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக் கொண்டு, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். அப்பா பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். கடைசி வரிக்கு வந்தார். வெகுநேரம் பார்த்துக் கொண்டே இருந்தார். பேசுவார் என்று பார்த்தால் பேசவில்லை. கட்டை விரலால் அந்தத் தும்பிக்கையைத் தடவினார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "லை கோணலா இருக்கேடி. இதுக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, உட்கார்ந்து நல்லா எழுதியிருப்பேன்ல?"

— ஒரு வாசகி, மதுரை.